கதிரும் காற்றும் கற்பிக்கும் பாடம்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறையின் அளவு. நம் கழகத்தின் இரவுப் பாடசாலையில் முதன்முதலாகச் சிலேட்டுப் பிடித்த பிள்ளைகள், இன்று தத்தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து இதே படியேற்றி அழைத்து வருகின்றனர். இதனினும் பெரிய விழா வேறொன்று உண்டோ?

1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பாடசாலை திறந்தார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அந்நாளில் எழுந்த கேள்வி, "நம் பிள்ளைகளுக்கு எழுத்து கிட்டுமா?" என்பதே. எழுத்து கிட்டிவிட்டது. இன்று நம்முன் நிற்கும் கேள்வி வேறு. "எத்தகைய கல்வி நம் பிள்ளைகளைப் பிறர் கையை எதிர்பாராமல் நிற்கச் செய்யும்?" என்பதே அது. அக்கேள்விக்கு விடையாக அமையும் பல பாடங்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச விழைகிறோம். கதிரவன், காற்று, சாணம் ஆகியவற்றிலிருந்து பெறும் ஆற்றலை, பிள்ளைகள் தம் கையால் செய்து பார்த்துக் கற்பதே அப்பாடமாகும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்படுகின்றது. அக்கரி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அதனை எரித்துத் தீர்க்க ஒருசில தலைமுறைகளே போதும். கதிரவன் ஒளியோ, காற்றோ அவ்வாறு தீர்வன அல்ல. இன்று எடுத்தது நாளையும் வந்து நிற்கும். ஆகவே அவற்றைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்கின்றனர். பெயர் புதிதே தவிர, பொருள் நமக்குப் புதிதன்று. களத்துமேட்டில் காற்றின் திசை பார்த்துப் பொலி தூற்றிய நம் பாட்டிமார்கள் காற்றின் ஆற்றலை அறியாதவர்களா? நெல்லையும் மிளகாயையும் வெயிலில் உலர்த்திய கைகள் கதிரவனின் ஆற்றலை அறியாத கைகளா? உழைப்பாக நாம் அறிந்திருந்ததை அறிவியலாக நாம் அறிய விடப்படவில்லை. குறை அங்கேதான் நேர்ந்தது.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டத்தின் சிற்பியாக நாடு போற்றுகின்றது. மின்சாரத்திற்கு அவர் ஆற்றிய பணியை நம்மவருள்ளும் பலர் அறியார். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அத்துறையின்பாற்பட்டன. மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் 1944இல் அமைந்தது அவருடைய பொறுப்பின் கீழேயே. வெள்ளத்தைத் தடுத்தல், பாசனம், மின் உற்பத்தி ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கிய தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு அடித்தளம் இட்டவர்களுள் அவர் தலையாயவர். மலிவான மின்சாரமின்றித் தொழில் வளராது. தொழில் வளராமல், நிலமின்றி நிலத்தையே நம்பிக் கிடக்கும் மக்களுக்கு விடிவில்லை என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே, நம் பிள்ளை ஒருவன் ஒரு சிறு விளக்கைச் சூரியத் தகட்டில் இணைத்து எரியச் செய்யும்போது, அது வெறும் விளையாட்டன்று. அண்ணல் தொடங்கி வைத்த பணியின் நீட்சி அது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். அதை மூடி மறைத்தல் முறையன்று. "கையால் செய்து கற்றல்" என்றவுடன் நம் பெரியோர்களுள் சிலர் முகம் சுளிக்கின்றனர். காரணம் இல்லாமல் இல்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரத்தில் தந்தையின் தொழிலைக் கற்றல் என்பது அதன் அமைப்பு. மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்தனர். கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்நினைவு நம் நெஞ்சில் இருப்பது நன்றே. புத்தகத்தைப் பிறருக்கும் மண்வெட்டியை நமக்கும் பகிர்ந்தளிக்கும் கல்வி எந்தப் பெயரில் வந்தாலும் அதை நாம் ஏற்க மாட்டோம்.

ஆயின், நாம் இன்று பேசுவது அதற்கு நேர்மாறானது. குலத்தொழிலில் கை வேலை செய்யும், "ஏன்?" என்று கேட்க அதற்கு உரிமை இல்லை. செய்முறைக் கல்வியிலோ கை வேலை செய்வதே "ஏன்?" என்று கேட்பதற்காக. முன்னதில் அளவுகோல் மேற்பார்வையாளரின் கையில் இருக்கும். பின்னதில் அது பிள்ளையின் கையில் இருக்கும். அளப்பவன் யார், எழுதுபவன் யார், முடிவு சொல்பவன் யார் என்று பாருங்கள். இம்மூன்றும் நம் பிள்ளையே என்றால் அது கல்வி. இல்லையெனில் அது கூலி.

மைக்கேல் ஃபாரடே ஒரு கருமானின் மகன். இளமையில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பயின்றவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தார். படித்ததைச் செய்து பார்த்தார். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831இல் அவர் கண்டார். இன்று அனல் நிலையமும் அணையின் மின் நிலையமும் காற்றாலையும் சுழல்வது அவ்வுண்மையின் மேலேயே. கையும் மூளையும் ஓருடம்பில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, பிள்ளைகள் செய்யத்தக்கவை எவை என்று காண்போம். பெரும் பொருட்செலவு ஏதும் வேண்டா.

முதலாவது, இரண்டு தகர டப்பாக்கள். ஒன்றிற்குக் கரியும் கஞ்சியும் குழைத்துக் கருமை பூசுக. மற்றொன்றிற்குச் சுண்ணாம்பு பூசுக. இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, வெப்பமானியால் அளந்து குறிப்பேட்டில் எழுதுக. கருமை வெப்பத்தை ஏற்கும், வெண்மை திருப்பி அனுப்பும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விரலை நனைத்தாலே தெரிந்துவிடும். அடுத்து, ஓர் அட்டைப் பெட்டிக்குள் மற்றொன்றை வைத்து, இடைவெளியில் வைக்கோலைத் திணித்து, உட்புறம் கருமை பூசி, மேலே கண்ணாடி மூடினால் சூரிய அடுப்பு ஆயத்தம். மூடியின் உட்புறம் பளபளப்பான தாள் ஒட்டிக் கதிரை உள்ளே திருப்புதல் வேண்டும். உச்சி வெயிலில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அரிசி வெந்துவிடும். கண்ணாடி ஒளியை உள்ளே விடுகின்றது. வெப்பத்தை வெளியே விடுவதில்லை. புகையிலுள்ள கரியமில வாயு நிலவுலகைச் சூழ்ந்து நிற்பதும் இவ்வாறே. உலகம் ஏன் சூடேறுகின்றது என்னும் பெரிய பாடம் அவ்வட்டைப் பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றது.

இரண்டாவது, காற்று. பனையோலையைக் குறுக்கே மடித்து, கருவேல முள்ளைச் செருகிக் காற்றாடி செய்து ஓடாத பிள்ளை நம் ஊரில் உண்டோ? அவ்விளையாட்டுப் பொருளையே பாடப்பொருள் ஆக்கலாம். ஓர் ஓலையில் மட்டும் வண்ணம் தீட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணச் சொல்லுங்கள். ஓலையின் சாய்வை மாற்றி மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். பின்னர், பழைய சைக்கிளின் டைனமோவைக் கையால் சுழற்றி விளக்கெரியச் செய்யுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் காற்றாலைகள் ஏன் திரண்டு நிற்கின்றன என்பதற்குரிய விடை அவ்வெட்டு மடங்கில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் புகுந்து விரைந்து வருமிடம் அது.

மூன்றாவது, சூரியத் தகடும் கணக்கும். பத்து வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் நின்றால் ஐம்பது வாட்-மணி. மின்கலத்திலும் கம்பியிலும் இழப்பு உண்டு. முப்பத்தைந்து கைக்கு வருமென்று கொள்வோம். ஐந்து வாட் விளக்கு ஏழு மணி நேரம் எரியும். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கே. 60 வாட் குண்டு விளக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் முப்பது நாளில் 9 யூனிட். அதே அளவு ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 1.35 யூனிட் போதும். தம் வீட்டு மின் கட்டண அட்டையைப் பிள்ளையே படித்துத் தாய்க்கு விளக்கும் நாள், நம் பாடசாலைக்குத் திருநாள். தகட்டைத் தெற்கு நோக்கி எவ்வளவு சாய்ப்பது என்னும் கேள்வி எழும். நம் தமிழகம் ஏறத்தாழ 8 முதல் 13½ பாகை வரையுள்ள வட அட்சரேகைகளுக்கிடையே அமைந்தது. சாய்வும் ஏறத்தாழ அவ்வளவே. கோணமானியும் நூலில் கட்டிய கல்லும் இருந்தால் பிள்ளைகளே அளந்து வைப்பர்.

2011இல் தொடங்கிய சூரிய மின்சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடுகள் சூரிய விளக்குகளோடு கட்டித் தரப்பட்டன. தெருக்களிலும் சூரிய விளக்குக் கம்பங்கள் வந்தன. விளக்கு வந்தது, விளக்கின் அறிவு உடன் வரவில்லை. தகட்டின் மேல் படிந்த தூசியும், மின்கல முனையில் பூத்த உப்பும் துடைக்கப்படாமையால் விளக்கு அணைந்து போவதைக் காண்கிறோம். பின்னர் யாரேனும் வருவார்கள் என்று வழிபார்த்து ஆண்டுகள் கழிகின்றன. பொருளைப் பெறுவது உரிமை. அப்பொருளை ஆளத் தெரிவது விடுதலை. நம் இளைஞர் ஒருவர் சோதிப்பானைக் கையில் எடுத்துப் பழுதைக் கண்டறிவாரேயானால், தெருவே இருளில் இருக்க நேராது.

நான்காவதாகச் சாண எரிவாயுவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர்க் குடுவையில் சாணமும் நீரும் சம அளவு கரைத்து, மேலே சிறிது இடம் விட்டு, காற்றுப் புகாமல் மூடி, ஒரு குழாயைச் சைக்கிள் டியூபில் இணைக்க வேண்டும். சில வாரங்களில் டியூப் உப்பும். அதிலுள்ளது பெரும்பாலும் மீத்தேன். எஞ்சியது கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு. திறந்த வெளியில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே அதைக் கொளுத்திக் காட்டுதல் வேண்டும்.

இச்சோதனையைப் பல சாதிப் பிள்ளைகளும் பயிலும் பள்ளியில் செய்யும்போது, சாணத்தை அள்ளி வருபவர் யார்? டியூபின் அளவைக் குறித்துக்கொள்பவர் யார்? நம் பிள்ளையைச் சாணக் கூடையோடும் பிறர் பிள்ளையைக் குறிப்பேட்டோடும் நிறுத்தினால், அறிவியல் வகுப்பு அன்றே பழைய ஊராகிவிடும். ஆகவே ஒரு விதி வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாள் கரைக்க வேண்டும். ஒரு நாள் அளக்க வேண்டும். ஒரு நாள் எழுத வேண்டும். ஒரு நாள் வகுப்பின் முன் நின்று விளக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்விதி ஒன்றே. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும் "இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். நாள்தோறும் ஒரே விடை வந்தால் பள்ளிக்குச் சென்று வினவுங்கள்.

இன்னொன்றும் இக்குடுவை கற்பிக்கும். அதில் பிறக்கும் அதே வாயுக்கள்தாம் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் பிறக்கின்றன. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகும்போது மோந்து அறியும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நம்பி இறங்குபவர் மீள்வதில்லை. அவ்வாறு மாண்டவர்களுள் மிகப் பலர் நம் மக்களே. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் இயற்றப்பட்டன. அவ்வாறு இறந்தோரின் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. சட்டம் தாளில் உள்ளது. அது உயிரோடு நிற்க, "இத்தொட்டிக்குள் மனிதர் இறங்கலாகாது, காரணம் இது" என்று ஆதாரத்தோடு சொல்லும் நா ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். குடுவையில் வாயுவைப் பிடித்துப் பார்த்த பிள்ளை தன் தந்தையையோ தமையனையோ அக்குழிக்குள் இறங்க விடுமா? ஓர் உயிர் இதனால் காக்கப்படுமாயின், இப்பாடத்தின் பயனுக்கு வேறு கணக்கு வேண்டா.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று வினவுவோர்க்குச் சில சான்றுகள் கூறுவோம். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை வழி அறிவியல் தொடங்கியது. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் இசைவு உண்டு. மனப்பாடம் அன்றி ஆய்ந்து கூறலே அங்கே அளக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த அம்முயற்சியை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நல்ல கல்வியும் காப்பாரின்றேல் நிலைக்காது என்பது அதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய படிப்பினை.

இராசஸ்தானத்தில் திலோனியா என்னும் சிற்றூரில், பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்குச் சூரிய விளக்கொளியில் இரவுப் பள்ளிகள் நடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத நாட்டுப்புறப் பெண்கள் அங்கே சூரிய விளக்குகளைப் பூட்டவும் பழுது நீக்கவும் பயின்றனர். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 2001-02இல் பஞ்சம் வந்தபோது, கட்டணம் செலுத்த இயலாமல் பள்ளியை விட்ட வில்லியம் காம்குவம்பா என்னும் சிறுவன், ஊர் நூலகத்துப் புத்தகத்தின் படங்களைப் பார்த்து, சைக்கிள் உறுப்புகளும் பழம்பொருள்களும் கொண்டு காற்றாலை அமைத்துத் தன் வீட்டில் விளக்கேற்றினான். அவனுக்குப் பள்ளி கதவடைத்தது. நூலகம் கதவு திறந்தது. நம் கழகத்தின் படிப்பகத்தை ஒரு நாளும் பூட்டி வைக்கலாகாது என்பதற்கு இது போதும்.

தொலைதூரம் செல்வானேன்? நம் கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006இல் வங்கிக் கடனும் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தன் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்திற்கு விற்றது. மின்சாரத்தைப் பெறுவோராக மட்டுமன்றி, தருவோராகவும் ஓர் ஊர் ஆகலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இளைஞர்களே! இவ்வாற்றலின் மறுபக்கத்தையும் நம் பிள்ளைகள் ஆய்தல் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அமைந்தது. வகுத்துப் பார்த்தால் மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நிலமுடையவன் நிலத்தை விற்பான். ஆடு மேய்த்தவனும் களை பறித்தவளும் எதை விற்பார்கள்? தூய ஆற்றல் என்பதாலேயே அது நீதியான ஆற்றலாகிவிடாது. வேலை யாருக்கு, நிலம் யாருடையது, மின்சாரம் எவ்வூருக்கு என்று கேட்கத் தெரிந்தவரே அதனை நீதியாக்க வல்லார். கேட்பதற்கு வாட்டும் யூனிட்டும் ஏக்கரும் தெரிந்திருக்க வேண்டும். கணக்குத் தெரியாதவரின் முழக்கம் மேடையோடு நின்றுவிடும்.

இறுதியாக, செய்ய வேண்டுவனவற்றை வரிசைப்படுத்துகிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழகம் செய்முறைக்கென ஒதுக்குதல் வேண்டும். ஒரு மரப்பெட்டியில் வெப்பமானி, சோதிப்பான், கோணமானி, பத்து வாட் தகடு, டைனமோ, சில விளக்குகள் இருத்தல் வேண்டும். பெட்டியின் திறவுகோல் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குறிப்பேடு வேண்டும். வீட்டு மின்சாரத்தில் எச்சோதனையும் கூடாது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் செல்லலாகாது. கதிரவனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. செல்பேசி மின்கலத்தைக் குத்தவோ பிளக்கவோ கூடாது. தொழிற்பயிற்சி நிலையத்திலும் பொறியியல் கல்லூரியிலும் பயின்ற நம் இளைஞர்கள், ஆளுக்கு ஐந்து பிள்ளைகளை ஏற்று ஓராண்டு வழிநடத்த முன்வர வேண்டும். ஆண்டு முடிவில் பிள்ளைகள் செய்தவற்றைத் தெரு நடுவே காட்சிக்கு வைத்து, அவர்களே ஊராருக்கு விளக்கட்டும்.

கதிரவன் தெருப் பார்த்து ஒளி வீசுவதில்லை. காற்று சாதி கேட்டு வீசுவதில்லை. அவற்றை ஆளும் அறிவைத்தான் மனிதர் வேலியிட்டு வைத்தனர். அவ்வேலியைப் பிரிக்கும் பணிக்கு வரும் ஞாயிறே முதல் நாள். தகர டப்பாவும் வெப்பமானியும் நாங்கள் கொண்டு வருகிறோம். பிள்ளைகளை நீங்கள் அனுப்பி வையுங்கள்.

வாழ்க நம் கல்விக் கழகம்! வளர்க நம் மக்கள் அறிவு!